அந்தப் படத்தை யாரிடமும் காட்டாதீர்கள், டீச்சர்

தென்மாவட்டம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கும் ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. ஊர், பள்ளி, பிள்ளைகள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய வகுப்பில் 38 பேர். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரமே வகுப்புக்குள் கைகலப்பு. ஒரு பையனின் சட்டை கிழிந்துவிட்டது. விசாரித்தால் எல்லோரும் "ஒண்ணுமில்ல மிஸ், சும்மா விளையாடுனோம்" என்கிறார்கள். யார் யாரோடு சேர்த்தி, யாருக்கு யாரை ஆகாது என்று தெரிந்தால்தானே எதையும் சரிசெய்ய முடியும் என்று நினைத்த ஆசிரியை, கூகுள் ஃபார்மில் நான்கு கேள்விகள் போட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் அனுப்பியிருக்கிறார். யார் பக்கத்தில் உட்கார ஆசை, யார் பக்கத்தில் உட்காரப் பிடிக்காது, வகுப்பில் யார் 'கெத்து', மற்றவர்களைக் கேலி செய்வது யார். ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர் எழுத வேண்டும். 34 பேர் நிரப்பிவிட்டார்கள். வந்த ஷீட்டை இலவச இணையதளம் ஒன்றில் ஏற்றியதும் பெயர்கள் புள்ளிகளாகவும் நட்புகள் கோடுகளாகவும் ஒரு படம் கிடைத்தது. அதே ஷீட்டை ஏஐ செயலி ஒன்றிடம் கொடுத்தபோது, 'தலைவர்', 'தனித்தவர்', 'ஆபத்தில் இருப்பவர்' என்று பிள்ளைக்கு ஒரு பட்டம் போட்டுத் தந்தது.

படத்தில் அவர் கண்டவை மூன்று. ஒரு பையனையும், அன்று வராத ஒரு மாணவியையும் யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. இன்னொரு மாணவியைப் பிடிக்காது என்று 11 பேர் எழுதியிருக்கிறார்கள். வகுப்பு இரண்டு கொத்தாகப் பிரிந்து நிற்கிறது; நடுவே இரண்டே கோடுகள். "கொத்து ரெண்டும் ஊரோட ரெண்டு பக்கம்தான்னு பார்த்ததுமே புரிஞ்சுது" என்று எழுதுகிறார். தலைமையாசிரியருக்குப் படம் பிடித்துப்போய்விட்டது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்டலாம், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் புது முயற்சி என்று சொல்லலாம் என்கிறாராம். மாணவர்கள் தாங்களே நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் வேறொரு நம்பரில் டீச்சர் நுழைந்து கவனிக்கலாம் என்பதும் அவர் சொன்ன யோசனைதான். படத்தை நம்பலாமா, காட்டலாமா, சட்டச் சிக்கல் வருமா, அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் என்ன செய்வது என்பவை ஆசிரியையின் கேள்விகள்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டை கிழிந்ததைப் பார்த்து இரண்டு பேரையும் முட்டிபோட வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். நீங்கள் அப்படிப் போகவில்லை. ஆனாலும் பதில் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒரு வேலை வாங்க வேண்டியிருக்கிறது.

கடிதத்தோடு அந்த ஷீட்டைப் பெயர்களோடு அப்படியே இணைத்திருந்தீர்கள். பார்த்தேன், அழித்துவிட்டேன். நீங்களும் இன்றைக்கே அந்த இணையதளத்தில் ஏற்றியதையும் ஏஐ செயலியில் நடந்த உரையாடலையும் அழித்துவிடுங்கள். கூகுள் ஃபார்மில் பதில் வாங்குவதை நிறுத்துங்கள். அதன் அமைப்புகளில், நிரப்பி அனுப்பியவர்களுக்கு மொத்த முடிவின் சுருக்கத்தைக் காட்டும் தெரிவு ஒன்று உண்டு. அது திறந்திருந்தால், தன் பிள்ளைக்காக ஃபார்மை நிரப்பிக் கொடுத்த எந்த அம்மாவும் யாரையெல்லாம் பிடிக்காது என்று எழுதப்பட்டது என்பதை வீட்டிலிருந்தே பார்த்திருக்க முடியும். அதைச் சரிபாருங்கள். ஷீட்டை யாருடனெல்லாம் பகிர்ந்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். 'லிங்க் உள்ள எவரும்' என்றிருந்தால் மூடிவிடுங்கள். தலைமையாசிரியரின் போனில் படம் இருக்கிறது என்றால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். அதை எப்படிக் கேட்பது என்று கீழே சொல்கிறேன்.

படம் எவ்வளவு உண்மை?

நீங்கள் செய்தது புதிய வித்தை இல்லை. யாக்கோப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1930களில் அமெரிக்காவில் தொடங்கிவைத்த முறை இது. 1932இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டு வாரத்தில் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். மொரேனோவும் அவரோடு வேலை செய்த ஹெலன் ஜென்னிங்ஸும் அந்தப் பெண்களின் உறவுகளைப் புள்ளியும் கோடுமாக வரைந்தார்கள். ஓடிப்போனவர்களின் தனிப்பட்ட குணத்தைவிட, யாருக்கு யார் தொடர்பு என்பதே அந்த ஓட்டத்தை விளக்கியது என்றார்கள். ஆகவே முறைக்கு மதிப்பு உண்டு. மொரேனோ ஒரு விதியும் வைத்தார்: உண்மையில் நடக்கப்போகிற ஒரு காரியத்துக்காகத்தான் பெயர் கேட்க வேண்டும், சொன்னதை நடத்தியும் காட்ட வேண்டும். அடுத்த வாரம் பெஞ்சு மாற்றப்போகிறேன், யாரோடு உட்கார விருப்பம் என்று கேட்டால் பிள்ளை யோசித்து எழுதும். யார் 'கெத்து' என்று கேட்டால் அது வாக்கெடுப்பாகிவிடும்.

இப்போது யாரும் தேர்ந்தெடுக்காத பையனுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் அதிகம் பதறியிருப்பது அவனைப் பற்றித்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 34 பேர், ஆளுக்கு மூன்று பெயர் என்றால் மொத்தம் 102 தேர்வுகள். அந்தத் தேர்வுகளை நட்பு, பகை எதுவும் பார்க்காமல் சீட்டுக் குலுக்கி எடுத்தாலும் 38 பேரில் சராசரியாக இரண்டு பேருக்கு ஒரு சீட்டும் விழாது. நிஜத்தில் பிள்ளைகள் சீட்டுக் குலுக்குவதில்லை. நன்றாகப் படிக்கிறவன், கபடி ஆடுகிறவன், சிரிக்க வைக்கிறவள் என்று சிலர் மேலேயே பெயர்கள் குவியும். அப்போது பெயர் வராதவர்கள் இரண்டுக்கும் மேலேயே இருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் இரண்டே பேர்தான், அதில் ஒருத்தி அன்று வகுப்புக்கே வரவில்லை. மூன்று பெயர்தான் எழுத வேண்டும் என்ற வரம்பும் சேர்ந்துகொள்கிறது: அவன் பல பேருக்கு நான்காவது நண்பனாக இருக்கலாம். அவன் தன் பங்குக்கு எழுதிய மூன்று பெயரும் 9 அ பிரிவுப் பிள்ளைகள் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அவனுடைய கூட்டாளிகள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். உங்கள் ஃபார்முக்கு அந்தச் சுவருக்கு அப்பால் பார்வை கிடையாது.

பிடிக்காது என்று 11 பேர் எழுதிய மாணவியின் விஷயம் வேறு. ஃபார்ம் தானாகப் பதியும் நேர வரிசையைப் பார்த்தீர்களா? அந்தப் பதினொன்றில் ஒன்பது, ஒரே இரவில் ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் வந்தவை. எழுத்துப்பிழைகூட ஒரே மாதிரி இருந்தது. பிள்ளைகள் தங்கள் குழுவில் பேசிவைத்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் அந்த எண்ணிக்கையை வைத்து அவளை எடை போட முடியாது. அன்று இரவு அவளுக்கு எதிராக யாரோ ஆள் சேர்த்தார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி 'இவளிடம் என்ன கோளாறு' என்பது இல்லை. 'தொடங்கிவைத்தது யார், எதற்காக' என்பதே.

படத்தின் தோற்றத்தையும் நம்பிவிடாதீர்கள். இந்த மாதிரிக் கருவிகள் கோடு இருக்கும் புள்ளிகளை இழுத்தும், மற்றவற்றைத் தள்ளியும் திரையில் இடம் ஒதுக்குகின்றன. அதே ஷீட்டை மறுபடி ஓடவிட்டால் வேறு படம் வரலாம். ஓரத்தில் நிற்பவன் ஒதுக்கப்பட்டவன் என்றோ, நடுவில் நிற்பவள் தலைவி என்றோ அர்த்தம் இல்லை. ஏஐ தந்த பட்டங்கள் அந்த 102 பெயர்களை வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னவை, அவ்வளவுதான். அது உங்கள் வகுப்பறைக்குள் வந்து பார்க்கவில்லை. போதாக்குறைக்குப் பெயர்களைப் பிள்ளைகளே தட்டச்சு செய்திருக்கிறார்கள். 'முத்து' என்று ஆறு இடத்தில் இருக்கிறது. உங்கள் வகுப்பில் முத்து என்று தொடங்கும் பெயர் மூன்று. அந்த ஆறு கோடுகளையும் கருவி எந்த முத்துவுக்குக் கொடுத்தது?

கோடுகளின் ஆபத்து

தனியாக நிற்கும் புள்ளிகளைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். எனக்குப் பயம் தருபவை நடுவில் இருக்கும் அந்த இரண்டு கோடுகள்.

ஊரின் இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்துப் பெண்ணின் பெயரை எழுதியிருக்கிறாள். இன்னொரு கோடு, ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒருவரை ஒருவர் எழுதியது. நீங்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரப் போகிறவர்கள் யார்? அந்தப் பிள்ளைகளின் பெற்றோர், பக்கத்து வீட்டுக்காரர்கள், வார்டு உறுப்பினர். பெயரை எடுத்துவிட்டுப் புள்ளியாக மட்டும் காட்டினாலும் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது; இரண்டே கோடுகள்தானே. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற நட்பாக இருக்கலாம். அதை ஊர் எப்படி வாசிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண் பத்தாம் வகுப்புக்கு வருவாளா என்பதே கேள்வியாகிவிடலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதி வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. பதிவேட்டில் சாதிப் பத்தியே வேண்டாம் என்று சொல்லப்படும் இடத்தில், சாதிக் கோட்டை வரைந்து காட்டுகிற படத்தைப் பள்ளியே தயாரித்து வைத்துக்கொள்வது எப்படி முடியும் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதிகாரி முன்னால் அது புது முயற்சியாகத் தெரியாது, விளக்கம் கேட்கிற விவகாரமாகிவிடும் என்பதையும் சொல்லுங்கள். இந்த ஒரு வாதம் போதும், அவர் போனிலிருந்து படத்தை அழித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

வகுப்பு இரண்டாக நிற்கிறது என்ற செய்தி உங்களுக்கு வேண்டியதுதான். அது உங்கள் மனதில் இருக்கட்டும். உண்மையில் அதைத் தெரிந்துகொள்ள ஃபார்மே தேவைப்பட்டிருக்காது: மதியம் சத்துணவு வாங்கிக்கொண்டு எந்த மரத்தடியில் யார் உட்காருகிறார்கள் என்று மூன்று நாள் பார்த்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வழக்கறிஞன் இல்லை. பள்ளிகளோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகள். ஒன்பதாவது பிரிவு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்கள் நலனுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய எந்தக் கையாளலையும் தடுக்கிறது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட இந்தக் கடமைகளை மீறினால் அபராதத்தின் உச்சவரம்பு 200 கோடி ரூபாய். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

உங்களைப் போன்றவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 'லிங்க்கைப் பெற்றோர் குழுவில்தானே போட்டேன், அவர்கள்தானே நிரப்ப வைத்தார்கள், அதுவே சம்மதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு, எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லாமல் வாங்கியதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. அதோடு, பிள்ளை தன் நட்பையும் வெறுப்பையும் எழுதும்போது அம்மாவின் போன் அம்மாவின் கையில் இருந்தால், எழுதப்பட்டது யாருடைய பதில்? மறுபுறம், கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு என்று தலைமையாசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். பள்ளியின் கல்விப் பணிகளுக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் என்ற வரம்புக்குள் ஒப்புதலிலிருந்தும் கண்காணிப்புத் தடையிலிருந்தும் விலக்கு இருக்கிறது. ஆனால் நலனுக்குக் கேடு செய்யக் கூடாது என்ற தடைக்கு அந்த விலக்கு கிடையாது. வெளியே தெரிந்தால் ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடக்கூடிய படம் அந்தத் தடைக்குள்தான் வரும் என்பது என் கருத்து.

வேறு நம்பரில் நுழைவது

வேண்டவே வேண்டாம். ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். தெரிந்த மறுநாள் பிள்ளைகள் புதுக் குழு தொடங்குவார்கள், பழைய குழுவில் உங்களுக்காக 'குட் மார்னிங்' மட்டும் ஓடும். அந்தக் குழுவில் என்ன நடந்தாலும் இதுவரை உங்களிடம் வந்து ஸ்கிரீன்ஷாட் காட்டியதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த இன்னொரு பையன், இனி யாரிடமும் காட்டமாட்டான். உங்களுக்கு இருக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடுவீர்கள்.

அவன் காட்டியது, வகுப்புப் பெண் ஒருத்தியின் முகத்தை ஒட்டி யாரோ செய்த ஸ்டிக்கர் என்கிறீர்கள். அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். தேதியையும் என்ன இருந்தது என்பதையும் நீங்களே எழுதிவையுங்கள். படத்தில் ஆபாசமாக ஏதாவது இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. அப்போது பள்ளிக்குள் பேசித் தீர்க்கும் உரிமை உங்களுக்கு இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டியது கட்டாயம். தெரிவிக்காமல் விட்டால் அதுவே குற்றம். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்துக் கேளுங்கள், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். வெறும் கேலி ஸ்டிக்கர் என்றால், செய்தவனைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தப் பெண்ணைக் கூட வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். மறுநாள் அந்த மன்னிப்பும் ஸ்டிக்கராகும்.

அந்தப் பையனுக்கு, அந்தப் பெண்ணுக்கு

ஆராய்ச்சியாளர்கள் இந்த இரண்டு நிலையையும் தெளிவாகப் பிரிக்கிறார்கள். யாரும் பெயர் சொல்லாத, யாரும் வெறுக்கவும் செய்யாத பிள்ளை ஒரு வகை. பலர் வெறுக்கிற பிள்ளை வேறு வகை. முதல் வகைப் பிள்ளைகளில் பலர் அமைதியானவர்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் வகுப்பு மாறினால் நிலையும் மாறிவிடுகிறது. இரண்டாவது வகை நீடிக்கக்கூடியது, மனதையும் படிப்பையும் பாதிக்கக்கூடியது. நீங்கள் கவலையை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பையனைப் பற்றி ஒன்றரைப் பக்கம், பெண்ணைப் பற்றி நான்கு வரி.

பையனிடம் ஃபார்மைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். 'உன்னை யாரும் எழுதலடா' என்று ஒரு ஆசிரியை சொன்னது அவனுக்கு நாற்பது வயதிலும் ஞாபகம் இருக்கும். 'எல்லாரும் அவனோட பழகணும்' என்று வகுப்பில் அறிவிப்பதும் அதே காயம்தான். இரண்டு வாரம் பாருங்கள். இடைவேளையில் 9 அ பக்கம் ஓடுகிறானா? ஓடினால் அவனுக்கு ஆள் இருக்கிறது, விட்டுவிடலாம். அங்கேயும் போகாமல், சாப்பிடாமல், அடிக்கடி லீவு போட்டுக்கொண்டிருந்தால் அப்போது கேளுங்கள். அதுவும் 'ஏன் தனியா இருக்க' என்று வேண்டாம். 'வீட்ல காலைல என்ன வேலை' என்று தொடங்குங்கள். பேப்பர் போட்டுவிட்டு வருகிறவன், செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தோடு மூன்று மாதம் காணாமல்போய் வந்தவன், ஒரு காது கேளாததை மறைத்துக்கொண்டிருப்பவன் என்று எத்தனையோ பேரை இப்படித் தனித்தவர்களாகப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வகுப்பில் இருவராகச் செய்யும் ஒரு வேலை கொடுங்கள்: ஹைடெக் லேபில் கம்ப்யூட்டர்களை எண்ணிப் பார்த்து எழுதுவது போல, பேசியே தீர வேண்டிய வேலை. ஒரே ஒரு நல்ல நண்பன் கிடைத்தாலே கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குப் பெரிய அரண் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். பத்துப் பேர் தேவையில்லை.

பெண்ணிடம் தனியாக, கதவு திறந்திருக்கும் இடத்தில், யாரும் கேட்காத தூரத்தில் பேசுங்கள். எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். 'போன வாரத்துல இருந்து கிளாஸ்ல உனக்கு ஏதாவது மாறியிருக்கா' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முதல் நாள் எதுவும் வராது. மூன்றாவது முறை வரலாம். தூக்கம் கெட்டுவிட்டது, பள்ளிக்கு வரப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்ற மாதிரி ஏதாவது வந்தால் அன்றைக்கே வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், தனியே விடக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம், நீங்களும் அழைத்து வழி கேட்கலாம். கல்வித் துறையின் உதவி எண்ணான 14417ஐ வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, ஆள் சேர்த்தவர்களைத் தேடுவதைவிட, ஆள் சேர்ந்தவர்களைப் பிரிப்பது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கீவா என்ற பள்ளித் திட்டம், கேலி செய்பவனைவிட அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள் மேல்தான் அதிகம் வேலை செய்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் கேலிக்கு வேலை இல்லை. அந்த ஒன்பது பேரில் இரண்டு மூன்று பேர் அரைமனதோடு எழுதியிருப்பார்கள். அவர்கள் யார் என்று ஒரு வகுப்பாசிரியைக்குத் தெரியாமல் போகாது. அவர்களிடம் குற்றம் சாட்டாமல் பேசுங்கள். அவள் பக்கத்தில் உட்காரச் சொல்ல வேண்டாம், அவளைப் பற்றி அடுத்த மெசேஜ் வரும்போது பதில் போடாமல் இருக்கச் சொன்னால் போதும்.

மறுபடி கேட்பதென்றால்

கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெஞ்சு மாற்றப்போகும் வாரத்தில், பள்ளி நேரத்தில், துண்டுத் தாளிலேயே கேளுங்கள். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால் லேபில் ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேளுங்கள். பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்யும்படி வையுங்கள். மூன்றே பெயர் என்ற வரம்பையும் எடுத்துவிடுங்கள். உங்கள் ஷீட்டில் பெயருக்குப் பதில் எண். எண் யாருக்கு என்ற பட்டியல் உங்கள் நோட்டில். படம் வரைந்தே ஆக வேண்டும் என்றால் கெஃபி போன்ற, சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஷீட் எங்கேயும் வெளியே போகாது. வேலை முடிந்ததும், ஒரு மாதத்துக்குள், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

யாரைப் பிடிக்காது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். முறையான அனுமதியோடும் ரகசியக் காப்போடும் ஆய்வாளர்கள் அதைக் கேட்பதுண்டு. ஒரு வகுப்பாசிரியை கேட்டால், பிள்ளைகள் வெறுப்பை எழுதிவைப்பது பள்ளியே கேட்கும் காரியம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதில் 'நீ லீவு போட்டால் வீட்டுப்பாடத்தை யாரிடம் கேட்பாய்' என்று கேட்டுப் பாருங்கள். எழுத ஒரு பெயரும் இல்லாத பிள்ளையைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். இன்னொன்றும் கேளுங்கள்: 'உனக்கு ஒரு தொந்தரவு வந்தால் இந்தப் பள்ளியில் எந்தப் பெரியவரிடம் சொல்வாய்?' சத்துணவு அமைப்பாளர், பி.டி. சார், வாட்ச்மேன், யார் பெயர் வந்தாலும் பரவாயில்லை. 'யாரும் இல்லை' என்று எழுதிய பிள்ளைகளிடம் அந்த வாரமே போய்ப் பேசுங்கள்.

பெஞ்சு விஷயத்தில், ஒவ்வொருவருக்கும் கேட்டவர்களில் ஒருவராவது பக்கத்தில் அல்லது முன்பின் பெஞ்சில் இருக்கட்டும்; மற்ற இடங்களைக் கலந்து போடுங்கள். நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளில் செய்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவரை ஒருவர் பிடிக்காத பிள்ளைகளைச் சில வாரம் அருகருகே உட்கார வைத்ததில் பிடிக்காமை குறைந்தது. எங்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். கைகலப்பு நடந்த இரண்டு பேரை இந்த மாதம் சேர்த்து உட்கார வைத்துப் பரிசோதிக்கவும் வேண்டாம். அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்று உங்கள் மாவட்டத்தில் உத்தரவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். குழு வேலைக்கு மட்டும் இந்தக் கலப்பைப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, பிள்ளைகள் தினமும் "மிஸ், எம் பேரை யாரெல்லாம் எழுதுனாங்க?" என்று கேட்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மழுப்பாதீர்கள். நாளைக்கு முதல் பாடவேளையில் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, இப்படிச் சொல்லலாம்: "நான் கேட்ட நாலு கேள்வியில மூணு கேட்டிருக்கக் கூடாது. எழுதினது எல்லாத்தையும் அழிச்சுட்டேன். யார் யாரை எழுதினாங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், உங்க வீட்டுல வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். முதல் கேள்விக்கு மட்டும் திங்கட்கிழமை பதில் இருக்கு, புது இடத்துல உட்காருவீங்க." இதைச் சொல்லும்போது ஷீட் நிஜமாகவே அழிந்திருக்க வேண்டும். ஆகவே இன்றிரவே உட்கார்ந்து இடங்களை மட்டும் பென்சிலால் தாளில் குறித்துக்கொண்டு, மற்றதை நீக்கிவிடுங்கள். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய மறக்காதீர்கள். அங்கே 30 நாள் வரை கிடக்கும்.